டெண்ட் ஸ்டேஷனுக்கு போயிட்டு ஒழுங்கா திரும்பி வர்றது எப்படி: ஒரு இங்கிலாந்து கிராமத்து ஸ்டேஷனோட கதையும் சேத்து

இங்கிலாந்துல மெயின் லைன் ஸ்டேஷன்கள்லயே ரொம்ப உசரத்துல இருக்கறது டெண்ட். கடல் மட்டத்துல இருந்து 1,150 அடி, அதாவது சுமாரா 350 மீட்டர். ஃபோட்டோவ பாத்துட்டு நிறைய பேர் கிளம்பிடறாங்க, அங்க போய் இறங்கினதுக்கு அப்புறம் தான் தெரியுது, கடை கிடையாது, டீ கிடையாது, டிக்கெட் கவுன்டர்ல ஆள் கிடையாது, பாத்ரூம் கிடையாது, அடுத்த வண்டிக்கு ரெண்டு மணி நேரம் ஆகும், டெண்ட்னு பேர் வச்சிருக்கற கிராமம் பாத்தா நாலு மைலுக்கு மேல தள்ளி கீழ பள்ளத்தாக்குல இருக்கு.

இதை யாரோ கவனிக்காம விட்டதால இப்படி இருக்குன்னு நினைக்க வேண்டாம். 1860கள்ல ஒரு கம்பெனி எடுத்த முடிவு தான் இன்னிக்கு நீங்க ப்ளாட்ஃபார்ம்ல குளிர்ல நிக்கறதுக்கு காரணம். அதனால தான் இந்த கைடுல வரலாறை தனியா கடைசில ஒட்டாம, ப்ளானோட சேத்தே சொல்றேன். ஏன் இப்படி இருக்குன்னு புரிஞ்சா என்ன பண்ணணும்னு தானா புரிஞ்சுடும்.

ஊர் ஒரு பக்கம், ஸ்டேஷன் ஒரு பக்கம்

இந்த ஸ்டேஷனை பத்தி அங்க ஒரு பழைய ஜோக் இருக்கு. வெளியூர்காரர் ஒருத்தர் கேக்கறாராம், ஏங்க ஸ்டேஷனை ஊர்ல இருந்து இவ்ளோ தூரம் தள்ளி கட்டினாங்கன்னு. உள்ளூர்காரர் சொல்றாராம், தண்டவாளத்துக்கு பக்கத்துல இருக்கட்டும்னு நினைச்சிருப்பாங்க போலன்னு. இது சிரிப்புக்கு சொன்னது தான், ஆனா முழு உண்மையும் அதுக்குள்ள இருக்கு.

மிட்லண்ட் ரயில்வேன்னு ஒரு கம்பெனி. அவங்களுக்கு ஸ்காட்லாந்துக்கு வண்டி விடணும், ஆனா சொந்த பாதை இல்ல. இங்கில்டன்ங்கற ஊர் வரைக்கும் அவங்க லைன், அதுக்கு மேல போட்டி கம்பெனியான லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்னோட லைன். இங்கில்டன்ல பாலத்துக்கு அந்த பக்கம் ஒரு ஸ்டேஷன், இந்த பக்கம் ஒரு ஸ்டேஷன், ஜனங்க மூட்டை முடிச்சோட நடந்து போய் வண்டி மாறணும். அப்புறம் மிட்லண்ட் பெட்டிகளை தங்களோட வண்டியில சேத்துக்கறோம்னு அந்த போட்டி கம்பெனி ஒத்துக்கிச்சு, ஆனா எதுல சேப்பாங்கன்னா நிலக்கரி வண்டி வாலுல. மிட்லண்டோட ஜெனரல் மேனேஜர் ஜேம்ஸ் ஆல்போர்ட்டே அந்த மாதிரி கரி வண்டிக்கு பின்னாடி தொங்கிட்டு போயிருக்கார். போங்கடான்னு சொந்தமா ஒரு லைன் போட 1866ல பார்லிமென்ட்ல சட்டம் வாங்கினாங்க, செட்டில்ல இருந்து கார்லைல் வரைக்கும் 72 மைல்.

சட்டம் வாங்கின உடனே எதிர் கம்பெனி இறங்கி வந்துச்சு. மிட்லண்டும் சரி லைன் வேண்டாம்னு கைவிட பாத்துச்சு. பார்லிமென்ட் தான் விடல, சட்டம் போட்டாச்சு, மத்த கம்பெனிகளும் இதை நம்பி இருக்கு, கட்டித்தான் ஆகணும்னு 1869ல சொல்லிடுச்சு. ஆக இந்த லைன் அரை மனசோட கட்டினது, அதுவும் ஸ்காட்லாந்து எக்ஸ்பிரஸ் வேகமா போறதுக்காக. நடுவுல இருக்கற ஆட்டுக்காரங்க கிராமத்துக்காக இல்ல. வேகம் வேணும்னா ஏத்தம் 100 அடிக்கு 1 அடிய தாண்டக் கூடாது, வளைவு பெருசா இருக்கணும். பள்ளத்தாக்குல இறங்கி ஊருக்குள்ள போயிட்டு மறுபடி ஏற முடியாது, அதனால மலை இடுப்புலயே லைனை கொண்டு போயிட்டாங்க. ஊர் கீழ, லைன் மேல. ஸ்டேஷன் ஊரை விட கிட்டத்தட்ட 200 மீட்டர் உசரத்துல தொங்குது.

பாசஞ்சர் வண்டி 1876 மே மாசம் ஓட ஆரம்பிச்சுது. டெண்ட் ஸ்டேஷன் அப்பவும் ரெடி ஆகல, 1877 ஆகஸ்ட் 6 அன்னிக்கு தான் திறந்தாங்க.

இப்ப ப்ளானுக்கு வருவோம். "டெண்ட் கிராமம் பாக்கணும்" உங்க ஐடியான்னா ஸ்டேஷன்ல இருந்து இறங்கி நடக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல வச்சுக்கோங்க, திரும்பி ஏற இன்னும் அதிகம். ஸ்டேஷன்ல இருந்து இறங்கற கோல் ரோடு முதல் கொஞ்ச தூரம் கால் முட்டிய உடைக்கற செங்குத்து. பஸ் பல நாள் இருக்காது, இருக்கற நாள்லயும் எல்லா வண்டிக்கும் வராது, அதனால உள்ளூர் பஸ் டைம்டேபிளை தனியா பாக்காம கிளம்பாதீங்க. டாக்ஸின்னா முன்னாடி நாளே பேசி வைக்கணும், ஸ்டேஷன் வாசல்ல வண்டி நிக்கும்னு கனவு காண வேண்டாம். "ஸ்டேஷன் பாக்கணும், மலை பாக்கணும், நடக்கணும்" தான் ஐடியான்னா இதை விட நல்ல இடம் கிடையாது.

டைம்டேபிளை பின்னாடி இருந்து படிங்க

பெரிய ஊர் பழக்கத்துல நாம எப்ப கிளம்பறதுன்னு தான் முதல்ல பாப்போம். இந்த மாதிரி ஸ்டேஷனுக்கு தலைகீழா பண்ணணும். முதல்ல டெண்ட்ல இருந்து திரும்பற கடைசி வண்டி எத்தனை மணிக்குன்னு பாருங்க. அதுக்கு முந்தின வண்டி எதுன்னு பாருங்க. அந்த முந்தின வண்டி தான் உங்க வண்டி. கடைசி வண்டிய ஸ்பேரா வச்சுக்கோங்க. அதுக்கப்புறம் தான் போற வண்டி.

வண்டி ஓட்டறது நார்தர்ன்ங்கற கம்பெனி. லீட்ஸ்ல கிளம்பி ஷிப்லி, கீத்லி, ஸ்கிப்டன், செட்டில், ஹார்ட்டன், ரிபிள்ஹெட், டெண்ட், கார்ஸ்டேல், கர்க்பி ஸ்டீஃபன், ஆப்பிள்பின்னு போய் கார்லைல்ல முடியும். லீட்ஸ்ல இருந்து டெண்ட் ஒன்றரை மணி நேரம் சொச்சம், முழு லைனும் போனா ரெண்டே முக்கால் மணி நேரம் மாதிரி. சுமாரா ரெண்டு மணிக்கு ஒரு வண்டின்னு மனசுல வச்சுக்கலாம், ஆனா இடைவெளி ஒரே மாதிரி இருக்காது, ஞாயித்துக்கிழமை இன்னும் வேற. டைம்டேபிள் வருஷத்துக்கு ரெண்டு தடவை, மே மாசமும் டிசம்பர் மாசமும் மாறும், அதனால யாரோ போன வருஷம் எழுதின நேரத்தை நம்பி போகாதீங்க (அதே காரணத்துக்காக தான் நானும் இங்க நேரம் எதுவும் எழுதல).

நேஷனல் ரெயில் வெப்சைட்ல தேடும்போது தேதி போட்டு தேடுங்க, சும்மா "இன்னிக்கு" போட்டு பாத்துட்டு சனிக்கிழமையும் அதே தான் இருக்கும்னு நினைச்சா வம்பு. டைம்டேபிள் பிடிஎஃப் பாக்கறவங்க, நேரத்துக்கு மேல இருக்கற சின்ன சின்ன எழுத்தெல்லாம் விடாதீங்க, எஸ்-எக்ஸ்னா சனிக்கிழமை கிடையாது, எஸ்-ஓன்னா சனிக்கிழமை மட்டும், இந்த ஒரு எழுத்துல ஒரு நாளே போயிடும். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் மூணெழுத்து கோடு உண்டு, டெண்டுக்கு டி-என்-டி (DNT). ஆப்ல அதை போட்டா நேரா வரும், பேர் டைப் பண்ணி வேற ஏதோ டென்ட்டனுக்கு போக வேண்டியதில்ல.

இன்னொன்னு, லைன்ல வேலை நடக்குதான்னு பாருங்க. வார கடைசில தண்டவாள வேலைன்னு சொல்லி வண்டிக்கு பதிலா பஸ் விடுவாங்க. மலை மேல இருக்கற ஸ்டேஷனுக்கு பெரிய பஸ் ஏறி வர்றது சாதாரண விஷயம் இல்ல, எங்க வந்து நிக்கும்னு அறிவிப்புல தனியா போட்டிருப்பாங்க. அதை படிக்காம ப்ளாட்ஃபார்ம்ல உக்காந்திருந்தா பஸ் கீழ வந்துட்டு கீழயே போயிடும். பஸ்னா என் அபிப்ராயம், அன்னிக்கு போகவே போகாதீங்க. அந்த லைனோட அழகே வண்டில இருந்து பாக்கறது தான்.

டிக்கெட்

இதுல பெருசா சொல்ல ஒன்னும் இல்ல, ஆனா தப்பு பண்ணா காசு போகும். கிளம்பற ஸ்டேஷன்ல டிக்கெட் வாங்க வசதி இருந்தா வாங்கிட்டு தான் ஏறணும், மெஷினோ கவுன்டரோ ஃபோனோ எதுவா இருந்தாலும். இங்கிலாந்துல டிக்கெட் இல்லாம பிடிபட்டா பெனால்ட்டி 100 பவுண்டு, அதுக்கு மேல ஒரு வழி டிக்கெட் காசும் சேத்து. 21 நாளுக்குள்ள கட்டினா 100ங்கறது 50 ஆகும். மெஷின் வேலை செய்யலன்னா அதை ஒரு ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோங்க, கார்டு (வண்டில டிக்கெட் பாக்கறவர்) வந்ததும் நீங்களே போய் சொல்லுங்க. ரொக்கமா கட்ட நினைச்சா மெஷின்ல "கட்டறேன்னு வாக்கு" மாதிரி ஒரு சீட்டு வரும், அதை எடுத்து கைல வச்சுக்கணும்.

ஃபோன் டிக்கெட் வாங்கினா வீட்லயே டவுன்லோட் பண்ணிக்கோங்க. மலைக்குள்ள சிக்னல் வரும் போகும், கார்டு வந்து நிக்கும்போது வட்டம் சுத்திட்டே இருந்தா அவமானம்.

ரெண்டு பேரா போறீங்கன்னா டூ டுகெதர் ரெயில்கார்டுங்கற தள்ளுபடி அட்டை வாங்கினா மூணுல ஒரு பங்கு குறையும், ஆனா வார நாள்ல காலைல 9:30க்கு முன்னாடி செல்லாது, கார்டுல பேர் இருக்கற ரெண்டு பேரும் சேந்தே போகணும். அஞ்சு வயசுக்கு கீழ குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம், 5ல இருந்து 15 வரைக்கும் பாதி. நாய்க்கு காசு இல்ல, ஒரு ஆளுக்கு ரெண்டு நாய் வரைக்கும் ஓகே. சைக்கிளுக்கு இடம் கம்மி, ஒரு வண்டிக்கு ரெண்டு தான், முதல்ல வந்தவங்களுக்கு.

நடக்கறவங்களுக்கு ஒரு டிப்ஸ். டெண்ட்ல இறங்கி, மலை ஏறி நடந்து, ரிபிள்ஹெட்ல வண்டி ஏறலாம், நிறைய பேர் பண்றது தான். அதுக்கு தனித்தனியா ரெண்டு டிக்கெட் வாங்க வேண்டாம். டெண்டுக்கு சாதாரண ரிட்டர்ன் வாங்கினா திரும்பும்போது ரிபிள்ஹெட் அதுக்குள்ளயே வர்ற ஸ்டேஷன், அங்க இருந்து ஏறினா போதும். அட்வான்ஸ் டிக்கெட்னா இந்த ஆட்டம் செல்லாது, எந்த வண்டி எந்த ஸ்டேஷன்னு எழுதியிருக்கோ அது மட்டும் தான். தூரமா இருக்கற ஸ்டேஷன்ல முதல்ல இறங்கி, பப் இருக்கற ஸ்டேஷன் பக்கமா நடந்து வர்றது தான் புத்திசாலித்தனம். டெண்ட்ல ஒன்னும் இல்ல, ரிபிள்ஹெட் பக்கத்துல ஸ்டேஷன் இன்ங்கற பப் இருக்கு, வண்டி லேட் ஆனாலும் கவலை இல்ல.

வண்டில எந்த பக்கம் உக்காரணும்

லீட்ஸ்ல இருந்து போறப்ப இடது பக்கம், கார்லைல்ல இருந்து வர்றப்ப வலது பக்கம். செட்டில் தாண்டினதும் கொஞ்ச நேரம் வலது பக்கம் பென்-இ-கென்ட் மலை தெரியும், அதுக்கு மட்டும் தலைய திருப்பிக்கோங்க. மத்தபடி இங்கிள்பரோ, வெர்ன்சைட், டெண்ட் பள்ளத்தாக்கு எல்லாம் இடது பக்கம் தான்.

செட்டில் தாண்டினதும் வண்டி முக்கி முக்கி ஏறும். நீராவி காலத்து டிரைவர்ங்க இந்த ஏத்தத்துக்கு லாங் டிராக் (நீண்ட இழுவை)னு பேர் வச்சாங்க, ஒரு 15 மைல் மூச்சு விடாம ஏத்தம், ஃபயர்மேன் கரி அள்ளி போட்டே முதுகு போயிடும். ரிபிள்ஹெட் தாண்டினதும் அந்த பெரிய பாலம் வரும், 24 ஆர்ச், 400 மீட்டர் நீளம், 32 மீட்டர் உசரம். அது மேல போகும்போது பாலம் தெரியாது, அது தான் காமெடி. பாலத்த பாக்கணும்னா ரிபிள்ஹெட்ல இறங்கி கீழ நடந்து போகணும். வண்டி அங்க மெதுவா போகும், பாலத்து மேல இப்ப ஒரு தண்டவாளம் தான், 1985ல ரெண்டை ஒன்னாக்கிட்டாங்க.

அந்த பாலத்துக்கு கீழ இப்ப வெறும் புல். 1870கள்ல அங்க ஒரு ஊரே இருந்துச்சு, குடிசை ஊர், செபஸ்டபோல், ஜெரிக்கோ, பெல்கிரேவியான்னெல்லாம் பேர் வச்சுக்கிட்டு கூலிக்காரங்க குடும்பத்தோட இருந்தாங்க. மொத்த லைனுக்கும் உச்சத்துல ஒரு 6,000 பேர் வேலை பாத்தாங்க. விபத்துல செத்தவங்க, பெரியம்மைல செத்தவங்க, குழந்தைங்க உட்பட சுமார் 200 பேரை பக்கத்துல சேப்பல்-லி-டேல் சர்ச்சுல புதைச்சிருக்காங்க. 22 லட்சம் பவுண்டு ஆகும்னு போட்ட கணக்கு 36 லட்சத்துல போய் நின்னுச்சு. சும்மா "வாவ்"னு ஃபோட்டோ எடுக்கறவங்க ஒரு நிமிஷம் இதையும் நினைச்சுக்கலாம்.

பாலம் முடிஞ்சதும் ப்ளீ மூர் டனல், 2,629 கெஜம், அதாவது 2.4 கிலோமீட்டர். இருட்டு முடிஞ்சு வெளில வந்தா வேற உலகம், டெண்ட் பள்ளத்தாக்கு இடது பக்கம் அப்படியே விரியும். டெண்ட் ஹெட் பாலம், ஆர்ட்டன் கில் பாலம்னு ரெண்டு வரும், அதுக்கப்புறம் டெண்ட். டனல் விட்டு வெளில வந்த உடனே பையை எடுத்து கதவு கிட்ட போங்க, நின்னு கிளம்பற நேரம் கம்மி. கதவு பட்டனை நீங்க தான் அமுக்கணும்.

இறங்கின உடனே, அப்புறம் என்னென்ன பாக்கணும்

இறங்கின உடனே பண்ண வேண்டியது ரெண்டு. ஒன்னு, திரும்பற வண்டி எந்த ப்ளாட்ஃபார்ம்ல வரும்னு போர்டை பாத்து வச்சுக்கோங்க, லீட்ஸ் பக்கம் எது கார்லைல் பக்கம் எதுன்னு. வண்டி வர்ற சத்தம் கேட்டதுக்கு அப்புறம் எதிர் ப்ளாட்ஃபார்ம்ல நிக்கறோம்னு தெரிஞ்சா ஒன்னும் பண்ண முடியாது, தண்டவாளத்துல இறங்கி ஓடற யோசனையே வரக் கூடாது, நிக்காம போற சரக்கு வண்டியும் ஸ்பெஷல் நீராவி வண்டியும் இந்த லைன்ல உண்டு. ரெண்டு, ஹெல்ப் பாயின்ட் (பட்டனை அமுக்கி ரயில்காரங்ககிட்ட பேசற கருவி) எங்க இருக்குன்னு பாத்துக்கோங்க. ஆள் இல்லாத ஸ்டேஷன்ல அது தான் ஸ்டேஷன் மாஸ்டர்.

இப்ப நிதானமா சுத்தி பாருங்க. ஸ்டேஷன் கட்டடம் இன்னிக்கு தனியார் கைல, லீவுக்கு தங்கற வீடா வாடகைக்கு விடறாங்க, அதனால ஜன்னல் வழியா எட்டி பாக்காதீங்க, உள்ள யாராவது காஃபி குடிச்சிட்டு இருப்பாங்க. இந்த லைன்ல ஸ்டேஷன் கட்டடம் எல்லாம் ஒரே ஜாடைல இருக்கும், மிட்லண்டோட ஆர்க்கிடெக்ட் ஜான் ஹாலோவே சாண்டர்ஸ் பெருசு, நடுத்தரம், சின்னதுன்னு மூணு சைஸ் வரைஞ்சு வச்சார், ஊருக்கு தகுந்த மாதிரி ஒன்ன எடுத்து கட்டினாங்க. கூர்மையான முகப்பு, கூரை ஓரத்துல வெட்டின மரப்பலகை, அரக்கு கலரும் க்ரீம் கலரும். அடுத்த ஸ்டேஷன்ல இறங்கினாலும் இதே முகம் தெரியும்.

ஸ்டேஷன் மாஸ்டர் வீடு தனியா இருக்கு. அந்த காலத்துலயே ரெட்டை கண்ணாடி ஜன்னல் போட்ட வீடுன்னு சொல்றாங்க. ஏன்னு கேக்க வேண்டாம், நவம்பர்ல ஒரு நாள் அங்க நின்னா போதும். மேட்டுப் பக்கம் பாத்தா பழைய ஸ்லீப்பர் கட்டைகளை வரிசையா நட்டு வச்சிருக்கறது தெரியும், பல்லு போன சீப்பு மாதிரி. அது பனி தடுப்பு. மலைல இருந்து காத்து அடிச்சிட்டு வர்ற பனி லைன்ல குவியாம இருக்க போட்டது. 1947 குளிர்ல அதுவும் தாங்கல, எட்டு வாரம் லைன் மூடிக் கெடந்துச்சு.

இந்த மாதிரி எந்த கிராமத்து ஸ்டேஷனுக்கு போனாலும் ஒரு பழக்கம் வச்சுக்கோங்க: ப்ளாட்ஃபார்ம் எவ்ளோ நீளம், இன்னிக்கு வர்ற வண்டி எவ்ளோ நீளம்னு பாருங்க. இப்ப வர்றது பெரும்பாலும் ரெண்டு மூணு பெட்டி டீசல் வண்டி. மிச்சம் இருக்கற நீளம் எல்லாம் பழைய காலம். பக்கத்துல காரணமில்லாம ஒரு அகலமான சமதளம் கெடந்தா அது சரக்கு யார்டா இருந்திருக்கும், அங்க தான் ஆடு மாடு ஏத்தினாங்க, கரி இறக்கினாங்க. ரோட்டை விட ப்ளாட்ஃபார்ம் பெருசா இருக்கேன்னு தோணினா, ரோட்டை நம்பாத காலத்துல அந்த ஊருக்கு எல்லாமே இந்த வழியா தான் வந்துச்சுன்னு அர்த்தம்.

மூடினாங்க, திறந்தாங்க, மறுபடி மூட பாத்தாங்க

இது ஏன் கைடுல வருதுன்னா, இன்னிக்கு வண்டி கம்மி ஆனா இருக்குங்கற நிலைமை எப்படி வந்துச்சுன்னு இது தான் சொல்லுது.

1923ல மிட்லண்ட் எல்எம்எஸ் கம்பெனிக்குள்ள போச்சு, 1948ல எல்லாமே அரசாங்கத்துது ஆச்சு. ரயில்வே செலவை குறைக்க வந்த 1963 பீச்சிங் ரிப்போர்ட்ல இந்த லைன்ல பாசஞ்சர் வண்டியே வேண்டாம்னு இருந்துச்சு. அது உடனே நடக்கல, ஆனா 1970 மே 4 அன்னிக்கு செட்டிலையும் ஆப்பிள்பியையும் தவிர நடுவுல இருந்த அத்தனை சின்ன ஸ்டேஷனையும் மூடிட்டாங்க. டெண்டும் போச்சு. வண்டி போகும், நிக்காது.

1975ல யார்க்‌ஷைர் டேல்ஸ் நேஷனல் பார்க் ஒரு வேலை பண்ணுச்சு. வார கடைசில ஸ்பெஷல் வண்டி வாடகைக்கு எடுத்து டேல்ஸ்ரெயில்னு பேர் வச்சு, மூடின ஸ்டேஷன்ல நிறுத்தி நடக்கறவங்களை இறக்கி விட்டாங்க. அதாவது நீங்க இன்னிக்கு பேக்கை மாட்டிட்டு டெண்ட்ல இறங்கறீங்களே, அந்த வழக்கம் தான் இந்த ஸ்டேஷனை உயிரோட வச்சிருந்துச்சு.

1980கள்ல அரசாங்க ரயில் நிறுவனமான பிரிட்டிஷ் ரெயில் மொத்த லைனையும் மூடறோம்னு நோட்டீஸ் போட்டுச்சு. ரிபிள்ஹெட் பாலத்தை ரிப்பேர் பண்ண பெரிய தொகை ஆகும்னு காரணம் சொன்னாங்க. மூடற வேலையை பாக்க ரான் காட்டன்னு ஒரு மேனேஜரை போட்டாங்க, மனுஷன் என்ன பண்ணார்னா டிக்கெட் விலைய குறைச்சு, விளம்பரம் பண்ணி, ஜனங்களை வண்டில ஏத்த ஆரம்பிச்சுட்டார். 1983ல வருஷத்துக்கு 93,000 பயணமா இருந்தது 1989ல 4,50,000 ஆச்சு. நடுவுல 1986 ஜூலை 14 அன்னிக்கு டெண்ட் உட்பட எட்டு ஸ்டேஷனை தினசரி வண்டிக்கு மறுபடி திறந்தாங்க. மூடப் போற லைன்ல ஸ்டேஷன் திறக்கறது எந்த கணக்குன்னு தெரியல, ஆனா நடந்துச்சு. மூடக் கூடாதுன்னு 22,000க்கு மேல எதிர்ப்பு மனு போச்சு. 1989 ஏப்ரல் 11 அன்னிக்கு போக்குவரத்து மந்திரி பால் சேனன் லைன் மூடப்படாதுன்னு அறிவிச்சார். பாலத்தையும் சரி பண்ணாங்க, பயமுறுத்தின அளவுக்கு காசு ஆகல.

அந்த மனுக்கள்ல ஒன்னு ஒரு நாயோடது. பேர் ரஸ்வார்ப், காலி (collie) வகை நாய். போராட்டம் ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான கிரஹாம் நட்டலோட நாய், பாதத்தை மையில தொட்டு பதிச்சு அனுப்பினாங்க, காசு குடுத்து டிக்கெட் வாங்கற பாசஞ்சர்ங்கற வகைல ஏத்துக்கவும் செஞ்சாங்க. லைன் காப்பாத்தப்பட்டு அடுத்த வருஷம், 1990 ஜனவரில, நட்டல் வேல்ஸ் மலைல நடக்க போனவர் திரும்பல. 11 வாரம் கழிச்சு ஏப்ரல்ல உடல் கிடைச்சப்ப நாய் பக்கத்துலயே இருந்துச்சு, எலும்பும் தோலுமா. அவரோட இறுதிச் சடங்கு வரைக்கும் இருந்துட்டு அதுவும் போயிடுச்சு. கார்ஸ்டேல் ஸ்டேஷன் ப்ளாட்ஃபார்ம்ல 2009ல அதுக்கு வெண்கல சிலை வச்சாங்க. டெண்ட்ல இருந்து அடுத்த ஸ்டேஷன் தான், நேரம் இருந்தா இறங்கி பாருங்க, ஆனா அங்கயும் அதே விதி, அடுத்த வண்டி எப்பன்னு பாத்துட்டு இறங்கணும்.

வண்டி வரலன்னா

முதல்ல பதறாதீங்க. லைவ் போர்டு ஃபோன்ல வந்தா பாருங்க, வரலன்னா ஹெல்ப் பாயின்ட் பட்டனை அமுக்கி கேளுங்க. கேன்சல்னு சொன்னா, அடுத்தது எப்பன்னு கேக்கறதோட நிறுத்தாதீங்க, "நான் டெண்ட்ல இருக்கேன், இங்க ஒதுங்க கடை எதுவும் இல்ல, எத்தனை பேர் இருக்கோம்"னு சொல்லுங்க. கடைசி வண்டி கேன்சல் ஆனா சும்மா கைவிட முடியாது, முடிஞ்ச வரைக்கும் உங்களை போக வேண்டிய இடத்துக்கு சேக்கணும், இல்லன்னா தங்க ஏற்பாடு பண்ணணும்னு நேஷனல் ரெயில் விதிலயே இருக்கு. இது நிறைய பேருக்கு தெரியாது, சொந்த காசுல டாக்ஸி பிடிச்சு போயிடறாங்க.

லேட் ஆனா டிலே ரிபே, அதாவது லேட்டுக்கு காசு திருப்பி தர்ற திட்டத்துல, க்ளெய்ம் பண்ணுங்க. நார்தர்ன்ல 15 நிமிஷத்துல இருந்தே உண்டு: 15ல இருந்து 29 நிமிஷம்னா ஒரு வழி டிக்கெட் காசுல 25 சதவீதம், 30ல இருந்து 59 வரைக்கும் 50 சதவீதம், ஒரு மணி நேரம் தாண்டினா அந்த ஒரு வழி காசு முழுசா. 28 நாளுக்குள்ள போடணும், டிக்கெட்டை தூக்கி போட்டுடாதீங்க. லேட்டுங்கறது நீங்க போய் சேர வேண்டிய இடத்துக்கு எவ்ளோ லேட்டா போனீங்கங்கறது தான், அதனால டெண்ட் வண்டி பத்து நிமிஷம் லேட் ஆகி லீட்ஸ்ல அடுத்த வண்டியை விட்டு ஒரு மணி நேரம் லேட் ஆனா அந்த ஒரு மணி நேரத்துக்கு தான் க்ளெய்ம், ஆனா முழு தூரத்துக்கும் டிக்கெட் இருக்கணும்.

வீல்சேர்ல வர்றவங்க, படி ஏற கஷ்டம்னு இருக்கறவங்க, பாசஞ்சர் அசிஸ்ட்ங்கற உதவி சேவைல முன்கூட்டியே சொல்லுங்க. ரெண்டு மணி நேரம் முன்னாடி சொன்னா போதும்னு விதி இருக்கு, இருந்தாலும் இந்த மாதிரி இடத்துக்கு முந்தின நாளே சொல்றது நல்லது, வண்டில இருக்கற கார்டு தான் ராம்ப் போடணும். உங்களால பயன்படுத்த முடியாத ஸ்டேஷன்னா, முடியற ஸ்டேஷன்ல இருந்து கூடுதல் காசு வாங்காம வண்டி ஏற்பாடு பண்ணி தரணும்.

குளிர் காலத்துல போறவங்க டார்ச், ஃப்ளாஸ்க், மழை கோட், சாப்பாடு எல்லாம் எடுத்துட்டு போங்க. ஃபோன் டார்ச்சை நம்பாதீங்க, குளிர்ல பேட்டரி சீக்கிரம் இறங்கும், டிக்கெட்டும் அதுல தான் இருக்கும். பாத்ரூம் வண்டிலயே போயிட்டு இறங்குங்க.

மத்த கிராமத்து ஸ்டேஷனுக்கும் இதே வழி தானா?

பெரும்பாலும் ஆமா, ஒரு விஷயம் மட்டும் சேத்துக்கணும். டெண்ட்ல நிக்கணும்னு டைம்டேபிள்ல இருக்கற வண்டி தானா நிக்கும். ஆனா சில ஸ்டேஷன்ல கேட்டா தான் நிக்கும். டைம்டேபிள்ல நேரத்துக்கு பக்கத்துல சின்னதா ஒரு எக்ஸ் போட்டிருந்தா அது தான். நார்ஃபோக்ல பெர்னி ஆர்ம்ஸ்னு ஒன்னு இருக்கு, சதுப்பு நிலத்துக்கு நடுவுல, அங்க போக ரோடே கிடையாது, வண்டி, படகு, இல்லன்னா நடை. 1844ல நில சொந்தக்காரர் தாமஸ் ட்ரெஞ்ச் பெர்னி, என் நிலத்துல லைன் போடணும்னா இங்க ஒரு ஸ்டேஷன் எப்பவும் இருக்கணும்னு கண்டிஷன் போட்டு தான் நிலத்தை குடுத்தார். அங்கயும் இன்னிக்கு ஏன் வண்டி நிக்குதுங்கறதுக்கு பதில் அந்த பழைய பத்திரத்துல தான் இருக்கு.

அந்த மாதிரி ஸ்டேஷன்ல இறங்கணும்னா ஏறின உடனே கார்டுகிட்ட சொல்லிடணும், அவர் டிரைவர்கிட்ட சொல்வார். ஏறணும்னா ப்ளாட்ஃபார்ம்ல டிரைவர் கண்ணுக்கு தெரியற இடத்துல நின்னு, வண்டி தூரத்துல தெரிஞ்ச உடனே கையை நல்லா நீட்டணும், ஷெல்டருக்குள்ள உக்காந்துட்டு ஃபோன் பாத்துட்டு இருந்தா யாரும் இல்லன்னு நினைச்சு போயிட்டே இருப்பார். பெர்னி ஆர்ம்ஸ்ல வண்டியும் ஒரு நாளைக்கு சொல்பம் தான், ஞாயித்துக்கிழமை மட்டும் கொஞ்சம் அதிகம், அதனால அங்க போறவங்க ஞாயித்துக்கிழமையா பாத்து வச்சுக்கோங்க.